சொல்லில்லாத் தந்தியும் முத்தமிழ் மேடையும்

சென்ற ஆண்டு நம் துறையின் முத்தமிழ் விழாவுக்கு நிகழ்ச்சிகளைத் தேர்ந்தெடுக்கும் குழு கூடியபோது, ஒரு விண்ணப்பம் எங்கள் முன் வைக்கப்பட்டது. மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவர், பாட்டு எதுவும் இல்லாமல், மின்கிட்டாரைத் தனியே பத்து நிமிடம் வாசிக்க இசைவு கேட்டிருந்தார். கடைமடைப் பகுதியின் உழவர் குடும்பத்துப் பிள்ளை அவர். "கருவி நம்முடையதன்று, பாட்டும் இல்லை, இதில் தமிழ் எங்கே இருக்கிறது?" என்று குழுவில் மூத்தவர் ஒருவர் வினவினார். ஊர்ப் பெரியவர்கள் முன்வரிசையில் அமர்ந்திருக்கும்போது இந்த இரைச்சலை எழுப்பினால் கல்லூரியைப் பற்றி என்ன எண்ணுவார்கள் என்று இன்னொருவர் கவலைப்பட்டார். இரண்டு நிமிடங்களில் விண்ணப்பம் ஒதுக்கப்பட்டு, பட்டிமன்றத் தலைப்புக்குப் பேச்சு நகர்ந்தது. நானும் அக்குழுவில் ஓர் உறுப்பினன். எனக்கு மாற்றுக் கருத்து இருந்தும் வாய் திறக்கவில்லை. அன்று சொல்லத் தவறியதை இம்மலரில் எழுத முற்படுகிறேன்.

கருவி நம்முடையதன்று என்னும் வாதத்தை முதலில் நோக்குவோம். இதைத் தஞ்சைத் தரணியில் இருந்துகொண்டு சொல்லுவதுதான் வியப்பு. இன்று தஞ்சாவூர் வீணை என்று உலகம் போற்றும் கருவி, 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரகுநாத நாயக்கர் காலத்தில், 24 மெட்டுகள் நிலையாகப் பதிக்கப்பெற்று இன்றைய உருவை அடைந்தது என்பர். அதற்கு முன் வீணைக்கு வேறு உருவங்கள் இருந்தன. இரண்டாம் சரபோசி மன்னரின் அரண்மனையில் ஐரோப்பிய பேண்டு வாத்தியங்கள் முழங்கின. கிளாரினெட் இம்மண்ணில்தான் சதிர் மேளத்தோடு சேர்ந்தது. திருவாரூரில் பிறந்த முத்துசுவாமி தீட்சிதர், ஆங்கிலேயர் பேண்டில் கேட்ட மெட்டுகளுக்கு வடமொழியில் சாகித்தியம் அமைத்து நொட்டுஸ்வரங்கள் என்று தந்தார். ஆங்கில நாட்டுப்பண்ணின் மெட்டும் அவற்றுள் ஒன்று. அவருடைய தம்பி பாலுசுவாமி தீட்சிதர் சென்னையில் ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் பயின்றார். தஞ்சை நால்வருள் இளையவரான வடிவேலு அக்கருவியில் பெற்ற தேர்ச்சியைக் கண்டு, திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் 1834-இல் தந்தத்தாலான வயலின் ஒன்றைப் பரிசளித்தார். அப்பரிசு வழங்கப்பெற்று இன்னும் இருநூறு ஆண்டுகள் நிறையவில்லை. இன்று வயலின் இல்லாத ஒரு கச்சேரியை நம்மால் எண்ணிப் பார்க்க இயலுமா? அதை அயற்கருவி என்று யாரேனும் சொன்னால் அவரையல்லவா நாம் விந்தையாகப் பார்ப்போம்!

வயலின் நுழைந்த காலம் பழங்கதை. நம் கண்முன்னேயே ஒரு கருவி அவ்வாறு நுழைந்து, வழக்காடி, வென்ற வரலாறு உண்டு. அதுவே மேண்டலின் சீனிவாசின் வாழ்க்கை. அதை மாணவர்கள் சற்று விரிவாக அறிதல் வேண்டும்.

உப்பலப்பு சீனிவாஸ் 28-2-1969 அன்று ஆந்திர மாநிலம் மேற்குக் கோதாவரி மாவட்டத்தின் பாலக்கொல்லு என்னும் ஊரில் பிறந்தார். அதுவும் நம் மண்ணைப் போலவே ஆறும் வாய்க்காலும் நெல்லும் நிறைந்த கழிமுக நாடு. தந்தையார் சத்தியநாராயணா மேண்டலின் வாசிப்பவர். ஐந்தாறு வயதுப் பாலகனாக இருந்தபோது தந்தையின் கருவியை எடுத்துத் தட்டிப் பார்த்தவன், கீழே வைக்க மறுத்துவிட்டான். பிள்ளையின் ஆர்வத்தைக் கண்ட தந்தை புதிதாக ஒரு மேண்டலின் வாங்கித் தந்து தாமே கற்பிக்கத் தொடங்கினார். வாசுராவ் என்ற கிட்டார்க் கலைஞர் சிறுவனுக்கு மேலை இசையை அறிமுகம் செய்தார். பின்னர்த் தந்தையின் குருவான ருத்ரராஜு சுப்பராஜு அவனைத் தம் மாணாக்கனாக ஏற்றார். இவர் செம்பை வைத்தியநாத பாகவதரின் சீடர்.

இங்கே ஒரு செய்தியை அடிக்கோடிட வேண்டும். சுப்பராஜுவுக்கு மேண்டலின் வாசிக்கத் தெரியாது. அவர் வாயால் பாடுவார். சிறுவன் அதைத் தந்தியில் தேடிக் கண்டுபிடிப்பான். விரலை இங்கே வை, அங்கே வை என்று சொல்லித்தர ஆளில்லை. பாட்டில் ஒரு சுரம் எப்படி வளைகிறதோ, அப்படியே கருவியும் வளைந்தாக வேண்டும் என்பது ஒன்றே கட்டளை. ஆகவே அச்சிறுவன் கற்றது மேண்டலின் வாசிக்கும் முறையை அன்று. பாடும் முறையை, மேண்டலின் வாயிலாக. இந்த வேறுபாட்டை ஊன்றி நோக்கினால் அவருடைய பிற்காலச் சிறப்பு முழுவதும் விளங்கிவிடும். ஆசிரியருக்குக் கருவி தெரியாமல் போனதே மாணவனின் நற்பேறாயிற்று. ஆசிரியத் தொழிலில் இருக்கும் எனக்கு இது சற்று உறுத்தலான உண்மைதான்.

மேண்டலின் இத்தாலியிலிருந்து வந்த கருவி. நம் நாட்டில் அது திரைப்படப் பாட்டுக் குழுக்களில் ஓர் ஓரத்தில் அமர்ந்து, இடையிசைக்கு மெருகு தீட்டிக்கொண்டிருந்தது. இந்தித் திரையிசையமைப்பாளர் சஜ்ஜாத் உசேன் போன்ற மேதைகள் அதில் இந்துஸ்தானி இராகங்களை வாசித்துக் காட்டியது உண்டு. ஆயினும் கருநாடக இசை மேடையில் அதற்கு இடமில்லை. இடமின்மைக்குத் தக்க காரணமும் இருந்தது. நம் இசையின் உயிர் கமகம். வீணைக் கலைஞர் மெட்டின் மேல் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து ஒரு சுரத்தை அசைத்து, இன்னொரு சுரத்தைத் தொட்டுத் திரும்புவார். மேண்டலினிலோ கழுத்து குட்டை, இரட்டை இரட்டையாக எட்டுத் தந்திகள் முறுக்கிக் கட்டப்பட்டிருக்கும், இழுத்தால் வளையாது. மீட்டிய ஒலியும் நொடியில் அவிந்துவிடும். ஒலி நில்லாத இடத்தில் கமகத்தை எங்கே தொங்கவிடுவது?

சீனிவாஸ் கண்ட வழி துணிவானது. இரட்டைத் தந்திகளை நீக்கி ஒற்றைத் தந்திகளாக்கினார். கீழ்த்தாயிக்கென ஒன்றைக் கூட்டி ஐந்தாக அமைத்துக்கொண்டார். உட்குடைவான மரப்பெட்டியை விடுத்துக் கட்டை உடலுடைய மின்மேண்டலினை ஏந்தினார். தந்தியின் அதிர்வை மின்னதிர்வாக மாற்றி ஒலிபெருக்கியில் செலுத்தினால், அவிந்துபோகும் ஒலி நீண்டு நிற்கும். நீண்டு நின்றால் விரலைத் தந்தியின் மேல் வழுக்கலாம், இழுக்கலாம், அசைக்கலாம். மின்கிட்டார் எந்த நுட்பத்தால் ராக் இசையை ஆண்டதோ, அதே நுட்பத்தால்தான் சீனிவாசின் கையில் தோடியும் கல்யாணியும் பேசின. ராக் கிட்டார் கலைஞரின் கையிலுள்ள பொருளும் சீனிவாசின் கையிலிருந்த பொருளும் அமைப்பில் ஏறத்தாழ உடன்பிறப்புகள். ஒன்றை இரைச்சல் என்றும் மற்றொன்றை நாதம் என்றும் நாம் சொல்லுவது கருவியைப் பார்த்து அன்று. அதில் என்ன வாசிக்கப்படுகிறது என்பதைக் கேட்ட பிறகே. அவ்வாறாயின் கேட்பதற்கு முன்பே ஒரு மாணவரை எப்படி ஒதுக்கினோம்?

1978-இல், ஒன்பது வயதில், குடிவாடாவில் நடந்த தியாகராஜ ஆராதனை விழாவில் சீனிவாஸ் முதன்முதலாக மேடையேறினார். 1981-இல் சென்னையில் இந்தியன் ஃபைன் ஆர்ட்ஸ் சொசைட்டியின் இசைவிழாவில் வாசித்தபோது வயது பன்னிரண்டு. மேண்டலினில் கருநாடக இசையா என்று உதட்டைப் பிதுக்கியவர்கள் அன்று பலர் உண்டு. வேகம் இருக்கிறது, ஆழம் இல்லை என்றும், மின்சாரத்தின் வித்தையே தவிர விரலின் வித்தை அன்று என்றும் பேசிக்கொண்டார்கள். பையன் எவருக்கும் மறுமொழி கூறவில்லை, வாசித்துக்கொண்டே இருந்தான். 1983-இல், பதினான்கு வயதில், பெர்லின் ஜாஸ் விழாவில் வாசித்தான். ஜாஸ் இசையின் நுட்பம் அறிந்த ஐரோப்பிய அவை அது. அங்கே அவன் தன் இசையை நீர்க்கச் செய்து பரிமாறவில்லை. கருநாடக இசையையே வாசித்து அவையைக் கவர்ந்தான்.

நம் பகுதியினர் அவரை ஏற்றுக்கொண்ட விதம் தனிச் சிறப்புடையது. மின்மேண்டலினின் ஒலி வலுவுடையது. எனவே மிருதங்கத்தோடு தவிலையும் பக்கவாத்தியமாகக் கொள்ள அவரால் முடிந்தது. அரித்துவாரமங்கலம் ஏ. கே. பழனிவேல் போன்ற காவிரிக் கரையின் தவில் மேதைகள் அவருடன் வாசித்தனர். கோயில் பிராகாரத்தில் நாகசுரத்துக்குத் துணைநின்று வளர்ந்த தோற்கருவி, இத்தாலியத் தந்திக்கருவியோடு ஒரே மேடையில் உரையாடிற்று. நாகசுரம் கேட்டுப் பழகிய செவிகள் நம்முடையவை. அச்செவிகளுக்குச் சீனிவாசின் நீண்ட இராக ஆலாபனை அயலாகத் தோன்றவில்லை. திருவையாற்று ஆராதனை மேடையும் அந்தத் தந்தியொலியைக் கேட்டது.

1998-இல் பத்மஸ்ரீ விருது வந்தபோது அவருக்கு வயது இருபத்தொன்பது. 1995-இல் கனடா நாட்டுக் கிட்டார் கலைஞர் மைக்கேல் புரூக்குடன் சேர்ந்து 'டிரீம்' என்ற இசைத்தட்டை வெளியிட்டிருந்தார். அந்நூற்றாண்டின் இறுதியில் ஜான் மெக்லாக்லினின் குழுவில் இணைந்தார். 2009-ஆம் ஆண்டுக்கான சங்கீத நாடக அகாதெமி விருதும் பெற்றார். தம்பி ராஜேஷும் மேண்டலின் கலைஞர். இருவரும் இணைந்து பல மேடைகள் கண்டனர். கல்லீரல் மாற்று அறுவைச் சிகிச்சைக்குப் பின் நேர்ந்த சிக்கலால் 19-9-2014 அன்று சென்னையில் சீனிவாஸ் காலமானார். நாற்பத்தைந்து வயதுதான். சென்னை இசையுலகில் தலையாயதாகக் கருதப்படும் சங்கீத கலாநிதி விருது அவருக்கு இறுதிவரை வழங்கப்படவில்லை. இளமையில் புகழ் பெற்றவர்களுக்கு நரை தோன்றும்வரை காத்திருந்து மாலை எடுப்பது நம் அவைகளின் பழக்கம். சிலருக்கு நரை தோன்றுவதற்குள் காலம் முடிந்துவிடுகிறது.

மெக்லாக்லின் பெயரைச் சொன்னேன். கிட்டாரைப் பற்றிப் பேசும்போது அவரை விட்டுவிட்டுப் போக இயலாது. 1942-இல் இங்கிலாந்தின் யார்க்ஷயரில் பிறந்தவர்; மைல்ஸ் டேவிசுடன் ஜாஸ் வாசித்தவர். 1971-இல் மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா என்ற குழுவை அமைத்து, ராக் இசையின் வலிமையையும் ஜாஸின் நுட்பத்தையும் பாடகர் எவரும் இல்லாமலேயே மேடையேற்றினார். சொல்லில்லா ராக் இசைக்கு அவர் வகுத்த வழி பெரிது. அத்தகைய மின்கிட்டார் வேந்தர், புகழின் உச்சியில் இருக்கும்போது, அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ். இராமநாதனிடம் மாணவராக அமர்ந்து வீணை கற்றார். கற்றதைக் கிட்டாருக்கு எவ்வாறு கொணர்ந்தார் என்பது சுவையானது. கமகம் வேண்டுமெனில் தந்தி வளைய வேண்டும். ஆகவே மெட்டுகளுக்கு இடைப்பட்ட மரத்தைப் பள்ளமாகச் செதுக்கிய கிட்டார் ஒன்றைச் செய்வித்தார். சுருதிக்கென ஒத்திசைக்கும் தந்திகளைக் குறுக்கே பூட்டச் செய்தார். வயலின் எல். சங்கர், கடம் விக்கு விநாயகராம், தபலா ஜாகீர் உசேன் ஆகியோருடன் 1970-களின் நடுவில் அவர் அமைத்த 'சக்தி' குழு உலகப் புகழ்பெற்றது. பின்னாளில் அதன் மறுவடிவில்தான் சீனிவாஸ் சேர்ந்தார். ஐரோப்பியக் கருவியை நம் இசைக்கு வளைத்த நம்மவரும், நம் இசைக்காகத் தம் கருவியை வளைத்த ஐரோப்பியரும் அருகருகே அமர்ந்து வாசித்த காட்சியை ஒளிப்பேழைகளில் இன்றும் காணலாம். அக்குழுவின் 'திஸ் மொமென்ட்' இசைத்தட்டு 2024-இல் கிராமி விருது பெற்றபோது சீனிவாஸ் மறைந்து பத்தாண்டு நெருங்கியிருந்தது. ஜாகீர் உசேனும் அவ்வாண்டு டிசம்பரில் மறைந்தார்.

அப்படியானால் கிட்டாரிலேயே நம்மவர் எவரும் இல்லையா என்று மாணவர்கள் கேட்கலாம். உண்டு. இராணிப்பேட்டையில் பிறந்த பிரசன்னா, சென்னை ஐ.ஐ.டி.யில் பொறியியல் பட்டம் பெற்றவர்; திருவாரூர் பாலசுப்பிரமணியத்திடமும் வயலின் மேதை கன்யாகுமரியிடமும் கருநாடக இசை பயின்று, அதை மின்கிட்டாரில் வாசிப்பவர்; அமெரிக்காவின் பெர்க்லீ இசைக் கல்லூரியிலும் பயின்றவர். ராக் கிட்டாரின் பேராசான் ஜிமி ஹென்ட்ரிக்சை நினைவுகூர்ந்து ஓர் இசைத்தட்டே வெளியிட்டார். முறையான கருநாடகக் கச்சேரியும் செய்கிறார், ஜாஸ் மேடையிலும் நிற்கிறார். இளையராஜாவை எடுத்துக்கொள்ளுங்கள். பண்ணைப்புரத்துச் சிற்றூரிலிருந்து வந்தவர், தன்ராஜ் மாஸ்டரிடம் மேலையிசை பயின்றார், கிட்டார் கற்றுத் தேர்வெழுதினார். 1986-இல் 'ஹவ் டு நேம் இட்' என்ற சொல்லில்லா இசைத்தட்டைத் தியாகராஜருக்கும் செருமானிய இசையறிஞர் பாக்குக்கும் காணிக்கையாக்கினார். திருவையாற்றை ஐரோப்பாவோடு சேர்த்துக் கட்டுவதற்கு அவருக்குப் பாட்டு வரி தேவைப்படவில்லை.

இனிச் சொல்லைப் பற்றிய வாதம். தமிழாசிரியனாகிய எனக்கு இதுவே முதன்மையானது. பாட்டு இல்லை, ஆகவே தமிழ் இல்லை என்றார் நண்பர். மேடையில் தமிழ்ப் பாட்டுக்கு இடம் கேட்டு எழுந்த தமிழிசை இயக்கத்தின் நியாயத்தை நான் முழுமனத்தோடு ஏற்பவன். பாடுகிறவர் தமிழர் அவையில் தமிழில் பாட வேண்டும் என்று கேட்பது முறையே. ஆனால் அந்த அளவுகோலைக் கருவியிசை மீது வைப்பது எப்படிப் பொருந்தும்? தொல்காப்பியர் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களை எண்ணுமிடத்துத் தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள் என்று அடுக்கி, பறையையும் யாழின் பகுதியையும் அவற்றோடு வைத்தார். யாழின் பகுதி என்பதற்கு உரையாளர்கள் பண் என்று பொருள் கொள்வர். பறையும் சொல்லன்று, பண்ணும் சொல்லன்று. மருத நிலத்தில் வாழும் நம்மை நம் நிலத்தின் பெயரால் அடையாளம் காட்டுவதற்கு நெல்லோடும் எருமையோடும் சேர்த்து இலக்கண ஆசான் தேர்ந்தெடுத்தது, சொல்லுக்கு முந்திய ஒலியை. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் இளங்கோவடிகள் யாழாசிரியனுக்கும் குழலோனுக்கும் தண்ணுமை ஆசிரியனுக்கும் தனித்தனியே இலக்கணம் கூறியதை வகுப்பில் நாமே நடத்துகிறோம். தேர்வில் ஐந்து மதிப்பெண் வினாவாகக் கேட்கிறோம். பிறகு மேடைக்கு வந்து, பாட்டில்லாக் கருவிக்கு முத்தமிழில் என்ன வேலை என்று கேட்கிறோம்!

அந்த யாழ் என்ன ஆயிற்று? வாசிப்பார் குறைந்து, ஒருநாள் வாசிப்பாரே இல்லாமல் மறைந்தது. ஈழத்துக் காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள், இலக்கியக் குறிப்புகளையும் கணக்கையும் துணைக்கொண்டு அதை மீட்டுருவாக்க ஆண்டுக்கணக்கில் உழைத்து 'யாழ் நூல்' எழுதினார். கரந்தைத் தமிழ்ச் சங்கம் அதை வெளியிட்டது. 1947 சூன் திங்களில் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அந்நூல் அரங்கேறியது. அடுத்த மாதமே அடிகள் மறைந்தார். அவ்வூர் நமக்குத் தொலைவு அன்று. கொரடாச்சேரி, குடவாசல் பக்கத்து மாணவர்கள் மிதிவண்டியில் போய் வரலாம். ஒரு கருவி செத்த பிறகு அதற்கு இலக்கணம் எழுதுவது எத்துணைத் துயரமான அரும்பணி என்பதை அந்நூலைப் புரட்டியவர் அறிவர்.

சொல்லில்லா இசையை நம் மக்கள் ஏற்கமாட்டார்கள் என்பதும் மெய்யன்று. திருவாவடுதுறை டி. என். இராஜரத்தினம் பிள்ளை (1898–1956) தோடியை ஆலாபனை செய்யும்போது, அதிலே என்ன சொல் இருந்தது? வயல் வேலை முடித்து வண்டி கட்டிக்கொண்டும் நடந்தும் வந்த மக்கள் விடியும்வரை உட்கார்ந்து கேட்டார்களே, அவர்களில் யார் பொருள் கேட்டார்? மேலும், பெரியவர்கள் இன்றைய கிட்டார் இளைஞனைப் பார்த்து எதையெல்லாம் குறையென்கிறார்களோ, அதையெல்லாம் அன்று பிள்ளைவாள் செய்தார். குடுமியை நீக்கிக் கிராப்பு வைத்தார், கோட்டு அணிந்தார், நாகசுரக்காரர் நின்றே வாசிக்க வேண்டும் என்ற வழக்கை உடைத்து மேடையில் அமர்ந்து வாசித்தார், ஒத்துக்குப் பதில் தம்பூரா வைத்தார். கருவியையும் அவர் விட்டுவைக்கவில்லை. நரசிங்கம்பேட்டை ஆசாரியாரோடு கலந்து, நாகசுரத்தின் நீளத்தையும் சுருதியையும் மாற்றியமைத்துக்கொண்டார். இன்று மரபு என்று நாம் கைகூப்புவது அந்த மாற்றத்தைத்தான்.

நம் கல்லூரி நிலைபெற்றிருக்கும் சமுதாயத்தின் பெரியவர்களுக்கு இன்னொரு பெயரை நினைவூட்ட விரும்புகிறேன். ஷேக் சின்ன மௌலானா சாகிபு 1924-இல் ஆந்திரத்தின் கரவதி என்னும் ஊரில், வழிவழியாக நாகசுரம் வாசித்துவந்த முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தார். தஞ்சாவூர்ப் பாணியின் இனிமையில் மனம் பறிகொடுத்து, கும்பகோணத்தை அடுத்த நாச்சியார்கோயிலுக்கு வந்து, இராஜம் – துரைக்கண்ணுப் பிள்ளை சகோதரர்களிடம் பயின்றார். பின் திருவரங்கத்தில் குடியேறி அங்கேயே வாழ்ந்தார், மாணவர்களை உருவாக்கினார். 1998-இல் சங்கீத கலாநிதி விருது பெற்று, அடுத்த ஆண்டு ஏப்ரலில் மறைந்தார். பேரர்கள் காசிமும் பாபுவும் அவ்வழியில் வாசித்து வருகிறார்கள். அவரது தாய்மொழி வேறு, சமயம் வேறு, ஊர் வேறு. ஆயினும் தஞ்சாவூர்ப் பாணி என்றால் அவரைச் சொல்லாமல் முடியாது. பாணி என்பது பிறப்பால் வருவதன்று, உழைத்துப் பெறுவது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இசையே கூடுமா கூடாதா என்பது பற்றி மார்க்க அறிஞர்களிடையே நெடுங்காலமாகக் கருத்து வேறுபாடு உண்டு என்பதை அறிவேன். அதில் தீர்ப்புக் கூற எனக்குத் தகுதியில்லை, ஆசையும் இல்லை. என் வழக்கு சிறியது. முத்தமிழ் விழா என்று பெயர் வைத்து, இசைப்பாட்டும் வயலினும் மிருதங்கமும் ஏற்றிய அதே மேடையில், ஒரு கருவியை மட்டும் பெயர் கேட்டு வாசலில் நிறுத்தினோம். அது மார்க்கத்தின் பொருட்டு அன்று. நம் பழக்கத்தின் பொருட்டு.

இனி, மாணவர் பக்கத்துக் குறையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கிட்டார் ஏந்தும் இளைஞர் பலர் கைப்பேசியில் ஒரு வெளிநாட்டுக் கலைஞரைப் பார்த்து, அவர் விரல் ஓடிய வழியே தம் விரலை ஓட்டுவதோடு நிறைவடைகிறார்கள். வேகம் வந்துவிடுகிறது, தாளம் நிற்பதில்லை. சுருதி சேர்ப்பதற்கு முன்பே ஒலிபெருக்கியின் திருகைத் திருகுகிறார்கள். முன்வரிசைப் பெரியவர்கள் காதைப் பொத்திக்கொள்வதில் குற்றமில்லை. சீனிவாசின் கதையில் இளைஞர்கள் பெரிதும் கவனிக்கத் தவறுவது மின்சாரத்தை அன்று, சுப்பராஜுவை. பாடிக் காட்ட ஒருவர், அதைத் தேடிக் கண்டுபிடிக்க ஒருவர் என்று பல்லாண்டு நடந்த பயிற்சி அது. திருவையாற்றில் அரசு இசைக் கல்லூரி இருக்கிறது. தஞ்சையில் தமிழ்ப் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஒரு வாய்ப்பாட்டு ஆசிரியரிடம் ஆறு மாதம் உட்கார்ந்து, அவர் பாடும் மோகனத்தைக் கிட்டாரில் தேடிப் பார்க்கும் மாணவர் நம்மிடையே எத்தனை பேர்?

குழுவில் ஒருவர் எழுப்பிய வேறொரு கவலைக்கு என்னிடம் முழு விடை இல்லை. நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தைக் கடைந்து நாகசுரம் செய்யும் குடும்பங்கள் குறைந்துகொண்டே போகின்றன. 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தும், குழல் கடைபவரின் பிள்ளை அத்தொழிலுக்கு வருவான் என்பது உறுதியில்லை. இந்நிலையில் கிட்டாருக்கு மேடை கொடுப்பது, சாய்கின்ற சுவரை மேலும் தள்ளுவதாகாதா என்றார் அவர். அக்கவலை உண்மையானது. ஆனால் சென்ற ஆண்டு விழாவில் கிட்டாரை விலக்கிய நாம், அந்தப் பத்து நிமிடத்தை நாகசுரத்துக்குக் கொடுத்தோமா என்றால் இல்லை. ஒலிநாடாப் பின்னணியில் திரைப்பாட்டுக்கு ஒரு குழு நடனம் அதில் ஏறிற்று. பாட்டில் சொல் இருந்தது. ஆகவே எவரும் தடை சொல்லவில்லை.

விண்ணப்பித்த மாணவர் ஏப்ரலில் தேர்வெழுதி முடித்துவிட்டார். திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தில் கணக்கு எழுதுவதாகக் கேள்வி. கிட்டாரை விற்றுவிட்டதாக அவருடைய வகுப்புத் தோழர் ஒருவர் சொன்னார். இன்னொருவர் இல்லை, கையோடு கொண்டுபோயிருக்கிறார் என்றார். எது மெய் என்று விசாரிக்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

இவ்வாண்டுக் குழு அடுத்த மாதம் கூடுகிறது. முதலாமாண்டு மாணவர் ஒருவர் கிட்டாரில் மோகன இராகம் வாசிக்க விண்ணப்பம் தந்திருப்பதாகத் துறை அலுவலகத்தில் சொன்னார்கள். படிவத்தில் பரிந்துரைப்பவர் கையொப்பத்துக்கான இடம் வெறுமையாக இருந்தது. வாங்கிக் கையெழுத்திட்டுத் திருப்பிக் கொடுத்திருக்கிறேன்.